இன்னொரு வாட்டி அழுங்கம்மா

நடுவர் அவர்களே, எதிரணியினரே, வணக்கம். மற்ற எல்லாருக்கும் சேர்த்து இதே வணக்கம்தான், கையில் இருப்பது ஐந்து நிமிடம்.

ரியாலிட்டி ஷோ ஒரு தனி வகையா, வேஷம் மாற்றிய சீரியலா என்பது தலைப்பு. தனி வகைதான் என்று சொல்ல மூன்று பாயிண்ட் எழுதி வந்தேன். முன்னால் பேசிய அண்ணன் கெடுத்துவிட்டார். "அதுவும் சீரியல்தான், வசனகர்த்தா சம்பளம் மிச்சம், அவ்வளவுதான்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

அண்ணே, என் கல்யாண வீடியோ கதையைக் கேளுங்கள். எல்லாம் முடிந்து நான் காரில் ஏறும்போது அம்மா கேவிக் கேவி அழுதார். அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் அம்மா மூக்கைத் துடைத்து முடித்துவிட்டார். வீடியோக்காரர் பக்கத்தில் போய், ரொம்பப் பணிவாக, "அம்மா, இன்னொரு வாட்டி அழுங்கம்மா" என்றார். அம்மா திகைத்துப்போய் அப்பாவைப் பார்த்தார். அப்பாவோ அன்றைக்கென்று டைரக்டராகி, "சொல்றார்ல, அழு" என்றார். சிரிக்காதீர்கள், இன்னும் பாதி இருக்கிறது. லைட் பிடித்த பையன், "இந்தப் பக்கம் திரும்பி அழுங்க, நிழல் விழுது" என்றான். என்னைக் காரிலிருந்து இறக்கி மறுபடி ஏற்றினார்கள். ஒரே கல்யாணத்தில் இரண்டு தடவை அம்மாவை விட்டுக் கிளம்பியவள் நான்! அம்மா முகத்தைச் சுளித்துப் பார்த்தார், அழுகை வரவில்லை. சும்மா என் கையைப் பிடித்தார், என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் வந்தது பாருங்கள், முதல் அழுகை எல்லாம் ஒன்றுமே இல்லை, வீடியோக்காரர் போதும் போதும் என்ற பிறகும் நிற்கவில்லை.

இப்போது சொல்லுங்கள் அண்ணே, அந்த இரண்டாவது அழுகைக்கு வசனம் எழுதியது யார்? நடிப்பு என்றால் என் அம்மாவிடம் வந்து சொல்லிப் பாருங்கள். சரி, டாக்குமெண்டரியா? கேமரா இல்லையென்றால் அது நடந்தே இருக்காதே. ஆள் நிஜம், சூழ்நிலை செட்டப், செட்டப்புக்குள் வருகிற உணர்ச்சி மறுபடி நிஜம். இதற்குத்தான் தனிப் பெயர் வேண்டும் என்கிறேன். 1999-ல் நெதர்லாந்தில், நம்ம பிக் பாஸுக்கு மூலமான பிக் பிரதர் ஷோ தொடங்கியபோது செய்ததும் இதுதான்: சண்டையை யாரும் எழுதவில்லை, சண்டை வருகிற மாதிரி ஒரு வீட்டைப் பூட்டினார்கள்.

எழுத்து வேலையே இல்லை என்று நானும் சாதிக்க மாட்டேன். அது எடிட்டிங் மேசையில் நடக்கிறது. ஒருவர் வெவ்வேறு நேரத்தில் பேசியதை வெட்டி ஒட்டி ஒரே வாக்கியமாக்குவதற்கு அந்தத் தொழிலில் 'ஃபிராங்கன்பைட்' என்றே பெயர். அமெரிக்காவில் 1971-ல் ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் ஏழு மாதம் கேமராவோடு இருந்து, சுமார் 300 மணி நேரம் எடுத்து, 1973-ல் 12 பகுதிகளாக ஒளிபரப்பினார்கள். 'ஆன் அமெரிக்கன் ஃபேமிலி' என்று பெயர். அந்த மனைவி கணவரை வீட்டை விட்டுப் போகச் சொன்னதும் கேமரா முன்னால்தான். அதைப் பார்த்த மானிடவியலாளர் மார்கரெட் மீட், முன்பு நாடகமும் நாவலும் பிறந்தது எவ்வளவு பெரிய விஷயமோ, அந்த அளவுக்கு இதுவும் முக்கியமாகலாம் என்று எழுதினார். அண்ணன் அந்த அம்மாவிடமும் சண்டை போட வேண்டியிருக்கும்.

மணி அடித்துவிட்டது, கேட்கிறது. ஒரு நிமிடம் கொடுங்கள் நடுவர் அவர்களே.

அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அப்பா அந்த வீடியோவைப் போட்டால் மற்றதையெல்லாம் ஓட்டிவிட்டு அந்த அழுகைக்குத்தான் வருவார். அதன் முடிவில் எடிட்டர் வெட்ட மறந்த ஒரு துண்டு இருக்கிறது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்து, "இப்போ சரியா வந்துச்சா தம்பி?" என்று கேட்பார்.

ஒவ்வொரு தடவையும் டிவியைப் பார்த்து அப்பா பதில் சொல்வார், "வந்துச்சு, வந்துச்சு."