மருந்து கவுன்ட்டர் வரிசையை வைத்து ஒரு பாடம்

வணக்கம். மருத்துவமனை நிர்வாகம் படிக்கிறவர்களுக்கும் அதைக் கற்பிக்கிற ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த வீடியோ. பிரச்சினை வழிக் கற்றல் என்று சொல்கிறோமே, பிபிஎல், அதை நிர்வாகப் பாடத்துக்கு எப்படிக் கொண்டு வருவது என்று பேசப் போகிறேன்.

வரலாறு தெரிந்ததுதான். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 1969-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோதே இந்த முறையில் தொடங்கியது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் 1974-இல் இதை எடுத்துக்கொண்டு ஏழு படிகளாக வகுத்தது. முதலில் பாடம், பிறகு பயிற்சிக் கணக்கு என்பதுதான் நம் வழக்கம். இங்கே பிரச்சினை முதலில் வரும், பாடம் அதன் பின்னால் வரும்.

சரி, வகுப்புக்குள் போவோம். எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு நான் கொடுப்பது அரைப் பக்கத் தாள். எண்கள் நானே அமைத்தவை. ஒரு அரசு மருத்துவமனை, திங்கட்கிழமை. மருந்தகத்தில் இரண்டு கவுன்ட்டர்கள், இரண்டும் சேர்ந்து மணிக்கு 120 பேருக்கு மருந்து தரும். பத்து மணி வரை வரிசையே இல்லை. பத்திலிருந்து பன்னிரண்டு வரை மணிக்கு 180 பேர் வருகிறார்கள். பன்னிரண்டோடு ஓ.பி. முடிகிறது. வரிசை வராந்தாவைத் தாண்டிவிட்டது, மூன்றாவது கவுன்ட்டர் வேண்டும் என்கிறார் கண்காணிப்பாளர். நீங்கள் நிர்வாக அலுவலர். என்ன செய்வீர்கள்?

எடுத்த எடுப்பில் எல்லோரும் “ஆள் போடுங்கள்” என்பார்கள். அப்போது ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. இந்த முறையில் எனக்குக் கடினமாக இருப்பது இந்த மௌனம்தான். பத்து நிமிடம் பொறுத்தால் யாராவது ஒருவர் பேனாவை எடுப்பார். மணிக்கு 60 பேர் மிச்சம், பன்னிரண்டு மணிக்கு 120 பேர் நிற்பார்கள், கடைசி ஆள் மருந்து வாங்க ஒரு மணி ஆகும். அப்படியானால் ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் நிற்கிறார்? இந்தக் கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டுக் கலைந்து போவார்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது லிட்டில் விதியைத் தேடிப் படித்திருப்பார்கள்: வரிசையில் சராசரியாக நிற்பவர்களின் எண்ணிக்கையை, அவர்கள் வெளியேறும் வேகத்தால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு நேரம் கிடைக்கும். வரிசை சுழியிலிருந்து 120 வரை ஏறி மறுபடியும் சுழிக்கு இறங்குவதால் சராசரியாக 60 பேர், நிமிடத்துக்கு இருவர் வெளியேறுகிறார்கள், ஆகவே காத்திருப்பு சராசரியாக 30 நிமிடம். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய அந்த விதியை நான் இரண்டு மணி நேரம் விளக்கியிருந்தாலும் இப்படி ஒட்டியிருக்காது.

அப்புறம்தான் விஷயம் சூடு பிடிக்கும். வருகிறவர்கள் யார் என்று கேட்பார்கள். இரண்டாவது தாளை நீட்டுவேன்: மூன்றில் ஒருவர் பிபி, சுகருக்கு மாதாந்திர மாத்திரை வாங்க வருகிறவர். அவர்களை வேறு நேரத்துக்கு மாற்றினால் மணிக்கு 180 என்பது 120 ஆகிவிடும், வராந்தா வரை வரிசை நீளாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை யாராவது நினைவுபடுத்துவார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம், இதே மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுக்கிறது. கவுன்ட்டரைக் கூட்டுவதைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த குழு, வருகையைக் குறைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்.

இதோடு முடிந்தது என்று நினைக்கும்போதுதான் மருந்தாளுநர் தரப்பில் பேச உட்காரவைத்த மாணவி கை தூக்கினார். “மணிக்கு 120 என்றால் ஒரு கவுன்ட்டரில் ஆளுக்கு ஒரு நிமிடம். சீட்டைப் பார்த்து, மாத்திரையை எண்ணி, கவரில் போட்டு, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று ஒரு பாட்டிக்கு அந்த ஒரு நிமிடத்தில் புரியவைக்க முடியுமா?”

வகுப்பு அப்படியே நின்றுவிட்டது. தாளில் நான் கொடுத்த 120 என்ற எண்ணையே அவர் கேள்வி கேட்டுவிட்டார். ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தால் இரண்டு கவுன்ட்டரும் மணிக்கு 80 பேரைத்தான் தாங்கும். மாதாந்திர மாத்திரைக்காரர்களை மாற்றிய பிறகும் வரிசை வளரும். மூன்று கவுன்ட்டர் இருந்தால் சரியாக 120. கண்காணிப்பாளர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு.

மருத்துவ மாணவர்களுக்கான பிரச்சினையில் பெரும்பாலும் கடைசியில் ஒரு நோய் தெரிய வரும். நிர்வாகத்தில் அப்படி ஒன்று கிடைக்காது. யார் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறோமோ அதைப் பொறுத்துப் பிரச்சினையே மாறும். அதனால் நோயாளி, மருந்தாளுநர், கண்காணிப்பாளர், கணக்குப் பிரிவு என்று ஆளுக்கொரு தரப்பைப் பிரித்துக் கொடுங்கள். இதைச் செய்யாமல் நடத்தினால் அது வெறும் கணக்கு வகுப்பு.

ஒரு வருத்தம் இருக்கிறது. இப்படியெல்லாம் படித்துவிட்டு, தேர்வில் “வரிசைக் கோட்பாட்டை விளக்குக, பத்து மதிப்பெண்” என்று வந்தால் மாணவர்கள் மறுபடியும் நோட்ஸ் கேட்டுத்தான் வருவார்கள். கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து அரைப் பக்கப் பிரச்சினை ஒன்றையாவது தாளில் வையுங்கள். நான் பயன்படுத்தும் இரண்டு தாள்களும் கீழே இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் உங்கள் ஊர் மருத்துவமனையில் ஒரு காலை நேரம் நின்று எண்ணி மாற்றிக்கொள்ளுங்கள்.