பதினான்காவது ஆள்

வணக்கம், நேயர்களே.

ஒரு படகைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1633-இல் ஹாலந்து ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த ‘கலிலேயாக் கடலில் புயல்’. நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய ஓவியங்களில் கடலைக் காட்டுவது இது ஒன்றுதான்.

ஒரு பேரலை படகின் முன்பக்கத்தை அப்படியே மேலே தூக்கி நிறுத்துகிறது. பாய் கிழிந்துவிட்டது. சிலர் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஒருவர் விளிம்பில் குனிந்து வாந்தி எடுக்கிறார். பின்பக்கம், தூங்கிக்கொண்டிருந்த இயேசுவைச் சீடர்கள் பதறி எழுப்புகிறார்கள்.

தலைகளை எண்ணிப் பாருங்கள். இயேசுவும் பன்னிரண்டு சீடர்களும் சேர்ந்தால் பதின்மூன்று பேர்தானே? படகில் பதினான்கு பேர் இருக்கிறார்கள்! ஒரு கையில் கயிறும் இன்னொரு கையால் அழுத்திப் பிடித்த தொப்பியுமாக ஒருவர் நேராக நம்மைப் பார்க்கிறார். அது ரெம்பிராண்டேதான் என்கிறார்கள். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பைபிள் கதைக்குள் தானும் ஏறிக்கொண்டு, நனைந்து நடுங்கி நிற்கிறார். நான் அச்சுப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதிலேயே அந்தப் பார்வை என்னை விடவில்லை.

இந்த ஓவியம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் இருந்தது. 1990 மார்ச் 18, நள்ளிரவு தாண்டிய நேரம். போலீஸ் உடையில் இரண்டு பேர் வந்து, ஏதோ தகராறு என்று புகார் வந்திருப்பதாகச் சொன்னார்கள். காவலாளி கதவைத் திறந்துவிட்டார். அப்புறம் என்ன, காவலுக்கு இருந்த இருவரையும் கட்டி நிலவறையில் போட்டுவிட்டார்கள். 81 நிமிடங்களில் 13 கலைப்பொருட்கள் போயின. இன்னொரு ஹாலந்து ஓவியரான வெர்மீரின் ஓவியம் ஒன்றும் அதில் அடக்கம்.

எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரமான இந்த ஓவியத்தை அவர்கள் பக்குவமாகக் கழற்றவில்லை. சட்டத்திலிருந்து கத்தியால் அறுத்து எடுத்தார்கள். முந்நூற்றைம்பது வருடத்துப் பழைய சாயம் அது. சுருட்டினாலே வெடித்து உதிரும்.

துப்புக் கொடுத்தால் ஒரு கோடி டாலர் என்று அறிவித்தும் இதுவரை ஒன்றுகூடத் திரும்பவில்லை. திருடியவர்கள் இறந்துவிட்டதாக அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. சொல்கிறது. சரி, அவர்கள் போகட்டும். படகு எங்கே?

அருங்காட்சியகத்தில் அந்தத் தங்க நிறச் சட்டத்தை இன்றும் பழைய இடத்திலேயே காலியாக மாட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே சுவர்த்துணி மட்டும் தெரிகிறது. ஓவியம் வந்தால் நேரே அதில் பொருத்திவிடலாம்.