நன்னாரி: வேரும் பாகும்

நேயர்களுக்கு வணக்கம்.

வெயில் ஏறத் தொடங்கியதும் மதுரைத் தெருமுனைகளில் சர்பத் வண்டிகள் வந்து நின்றுவிடுகின்றன. கண்ணாடிக் குவளையில் இரண்டு கரண்டி நன்னாரிப் பாகு, ஒரு மூடி எலுமிச்சம்பழச் சாறு, ஊறிய சப்ஜா விதை, ஐஸ், அதன்மேல் தண்ணீரோ சோடாவோ ஊற்றிக் கலக்கிக் கொடுத்தால், பாதிக் குவளை இறங்கிய பிறகுதான் நாம் மூச்சு விடுகிறோம். "உடம்புக்குக் குளிர்ச்சி, ரத்தத்துக்கு நல்லது" என்பார் வண்டிக்காரர். குடிக்கிறவரும் தலையாட்டுவார். கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். அந்தக் குவளையில் வேர் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, நாம் அடுக்கும் குணங்களில் எது வேருக்குரியது, எது வெறும் தண்ணீருக்குரியது என்பதை இன்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

நன்னாரி ஒரு மெல்லிய கொடி. புதர்களிலும் வேலி ஓரங்களிலும் பற்றிப் படரும். கிள்ளினால் பால் வடியும். ஒரே கொடியில் சில இலைகள் அகன்றும் சில ஈர்க்குப்போல் ஒடுங்கியும் இருக்கும். பல இலைகளில் நடுநரம்பை ஒட்டி வெள்ளைக் கீற்று ஓடியிருக்கும். மேலே இவ்வளவு மெலிந்த கொடி, மண்ணுக்கடியில் வேரை வெகுதூரம் ஓடவிடுகிறது. வடமொழியில் இதற்கு அனந்தமூலம், அதாவது முடிவில்லாத வேர் என்ற பெயர் வந்ததன் பொருத்தம், கடப்பாரை எடுத்து ஒருமுறை தோண்டிப் பார்த்தவர்களுக்கு நன்றாகவே புரியும். மலையாளத்தில் நறுநீண்டி என்கிறார்கள். மணத்தையும் நீளத்தையும் ஒரே பெயரில் சொல்லிவிட்டார்கள். தாவரவியலில் இதன் பெயர் ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ்.

உலர்ந்த வேரைக் கையில் எடுத்துப் பாருங்கள். பென்சில் அளவுக்கு மேல் பருமன் இருக்காது. கரும்பழுப்பான மேற்பட்டையில் குறுக்கே வெடிப்புகள் தெரியும். அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் பட்டை தனியே கழன்று, உள்ளே மஞ்சள் கலந்த கட்டையான நரம்பு நிற்கும். மணம் பட்டையில்தான் இருக்கிறது. நரம்பை முகர்ந்து பார்த்தால் மரத்தூள் போலிருக்கும். நடுநரம்பை நீக்கிவிட்டுப் பயன்படுத்து என்று சித்த மருத்துவர்கள் சொல்வதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம், ஆனால் இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. அந்த மணத்தைத் தருகிற வேதிப்பொருளின் மூலக்கூறில் 8 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. வெனிலா மணத்துக்குக் காரணமான வெனிலின் மூலக்கூறிலும் எண்ணி அதே அணுக்கள்தான். அவை அமர்ந்திருக்கும் இடங்கள் மட்டுமே வேறு. நன்னாரியை முகரும்போது ஐஸ்கிரீம் கடை நினைவுக்கு வருகிறதே என்று என் மாணவி ஒருத்தி வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அவள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருந்தது.

இதே மணப்பொருள் மாகாளிக் கிழங்கிலும் இருக்கிறது. மோரில் ஊறுகாய் போடுவார்களே, அந்தக் கிழங்குதான். அது வேறு செடி, விரல் பருமனுக்கு மேல் சதைப்பற்றோடு இருக்கும். மணம் ஒன்றாக இருப்பதால் நன்னாரி என்ற பெயரில் அதுவும் விற்பனைக்கு வருகிறது. ஆந்திரத்தின் ராயலசீமைப் பகுதியில் நன்னாரி சர்பத்துக்கு அந்த வேரைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். சர்பத்துக்கு இரண்டும் சுவையானவையே. ஆனால் மருந்தாகக் கருதி வாங்குகிறவருக்கு எந்த வேர் என்பது முக்கியம். நானே ஒருமுறை நாட்டு மருந்துக் கடை ஒன்றில் 100 கிராம் வாங்கி வந்து தட்டிப் பார்த்தபோது, பாதிக்கு மேல் பட்டை உதிர்ந்து வெறும் நரம்பாக, மணமே இல்லாமல் இருந்தது. வேரைப் பொறுத்தவரை, வாங்குவதற்கு முன் ஒன்றை உடைத்து முகர்வதைக் காட்டிலும் நல்ல சோதனை வீட்டில் கிடையாது.

இனி, அதைக் குடிக்கும் முறைக்கு வருகிறேன். வேரைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்துச் சுண்டக் காய்ச்சினால் குடிநீர், அதாவது கஷாயம். இடித்து நீரில் ஊறவைத்து வடித்தால் ஊறல். வடித்த நீரில் சர்க்கரை சேர்த்துப் பாகு பதத்தில் எடுத்தால் மணப்பாகு. சித்த மருத்துவத்தில் இவை மூன்றும் தனித்தனி மருந்து வடிவங்கள். நன்னாரியின் மணப்பொருள் ஆவியோடு பறந்துவிடக்கூடியது என்பதால், நெடுநேரம் கொதிக்கவிடுவது இந்த வேருக்கு ஏற்றதன்று. வீடு முழுக்க மணக்கிறது என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போது பாத்திரத்தில் மணம் குறைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். என் தாயார் இரவில் வேரைத் தட்டி, கொதித்து இறக்கிய நீரில் போட்டு, தட்டால் மூடி வைத்துவிடுவார். காலையில் துணியில் வடித்து, மண்பானைத் தண்ணீரோடு கலந்து கொடுப்பார். சர்க்கரை சேர்த்தாலும் பெயருக்குத்தான். வெளிர்ந்த தேன் நிறத்தில் இருக்கும் அந்த நீரை இன்று கடையில் கொடுத்தால், கலர் கம்மியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

ஏனென்றால் இப்போது நாம் அறிந்த நன்னாரி பாட்டிலில் வருகிற கரும்பழுப்புப் பாகு. அந்த நிறம் பெரும்பாலும் கருக்கிய சர்க்கரையின் நிறம். வீட்டிலேயே செய்கிறவர்கள்கூட 100 கிராம் வேருக்கு 1 கிலோ சர்க்கரை சேர்க்கிறார்கள். அதில் ஏறத்தாழ 1¼ லிட்டருக்குச் சற்று மேல் பாகு கிடைக்கும். அந்தக் கணக்கில் 40 மில்லி பாகு ஊற்றிய ஒரு குவளை சர்பத்தில் 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். ஒரு நாள் முழுவதற்கும் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. நீரிழிவு உள்ளவர்கள், மூலிகைதானே என்று இதைக் குடிப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அவர்களுக்கு என் தாயார் செய்த ஊறல் இருக்கிறது.

சரி, குணங்கள்? பித்தத்தைத் தணிக்கும், நீர்க்கடுப்பைப் போக்கும், பால்வினை நோய்கள் போன்ற மேக நோய்களுக்கு ஆகும், ரத்தத்தைச் சுத்தி செய்யும் என்பவை மரபாகச் சொல்லப்படுபவை. கோடையில் வியர்த்து, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் அடர்ந்து கடுக்கிறது. அப்போது இரண்டு குவளை எந்தக் குளிர்நீர் குடித்தாலும் கடுப்புத் தணியும். நன்னாரி அந்த நீரை மணமாக்கி, இரண்டாவது குவளையையும் விரும்பிக் குடிக்க வைக்கிறது என்பதே பெரிய உதவி. கடுப்போடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் அது நோய்த்தொற்றாக இருக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு சர்பத் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

ரத்த சுத்தி என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பறங்கிப் புண் என்று நம் முன்னோர் பெயரிட்ட சிபிலிஸ் நோய் 16-ஆம் நூற்றாண்டில் பரவியபோது, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சார்சபரில்லா வேரை ஐரோப்பியர் அதற்கு மருந்தாகக் குடித்தார்கள். நம் நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் விற்கும் பறங்கிப்பட்டை அந்த வேரின் ஆசிய உறவு. இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் அதற்கு மாற்றாக நன்னாரியைக் கண்டு, இந்திய சார்சபரில்லா என்று பெயரிட்டு, 1864-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மருந்து நூலில் சேர்த்துக்கொண்டார்கள். தோலில் வெடித்த புண்கள் ஆறினால் ரத்தம் சுத்தமாயிற்று என்று அக்காலத்தில் எண்ணினர். 1943-இல் பென்சிலின் அந்நோயைக் குணப்படுத்தும் என்று தெரிந்தபின் வேர்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. "ரத்த சுத்தி" என்ற சொல் மட்டும் பாட்டில்களில் தங்கிவிட்டது. ரத்தத்தைச் சுத்தம் செய்கிற வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் நம்மிடம் கேட்காமலே செய்துகொண்டிருக்கின்றன.

ஆய்வே இல்லையா என்றால், இருக்கிறது. காசநோய் மருந்துகளால் எலிகளின் கல்லீரலுக்கு ஏற்படும் சேதத்தை நன்னாரி வேரின் சாறு குறைத்தது என்று ஆய்வுகள் வந்துள்ளன. விரியன் பாம்பின் நஞ்சுக்கு எதிராகச் செயல்படும் ஒரு பொருளை இந்த வேரிலிருந்து கொல்கத்தாவில் பிரித்தெடுத்திருக்கிறார்கள். இவை ஆய்வுக்கூடத்துச் செய்திகள். செறிவூட்டிய சாற்றை விலங்குகளுக்குக் கொடுத்துக் கண்டவை. இதை வைத்துக்கொண்டு, பாம்பு கடித்தவருக்கு வேரை அரைத்துக் கொடுத்து அரைமணி நேரத்தை வீணாக்குவது உயிரோடு விளையாடுவது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

எல்லா வேரும் நன்னாரிபோல் சாதுவானதன்று என்பதற்கு அதிமதுரம் ஒன்றே சான்று. தொண்டைக் கமறலுக்கு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது நெடுநாள் வழக்கம், தவறில்லை. ஆனால் அதையே நாள்தோறும் தேநீராகக் காய்ச்சி மாதக்கணக்கில் குடித்தால், அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, ரத்த அழுத்தத்தை உயர்த்திவிடும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை மருத்துவரிடம் கேட்காமல் குடிக்கவே கூடாது. சுக்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. குமட்டலைத் தணிக்கும் என்பதற்கு மனிதர்களிடம் செய்த ஆய்வுகளே இருக்கின்றன. வெட்டிவேர் பானைத் தண்ணீருக்கு மணம் தருகிறது, அவ்வளவு போதும்.

இலங்கையில் நன்னாரியை இரமுசு என்கிறார்கள். வேரைச் சூடாகக் காய்ச்சி, சர்க்கரையைக் கலக்காமல், கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டே குடிப்பார்கள். எவ்வளவு இனிப்பு உள்ளே போகிறது என்பது கையில் இருக்கும் துண்டிலேயே தெரிந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

கடைசியாக ஒரு செய்தி. இலையைப் பறித்தால் கொடி மறுபடி தளிர்க்கும். வேரைப் பிடுங்கினால் கொடியே போய்விடும். கடைக்கு வரும் நன்னாரியில் பெரும்பகுதி காட்டிலும் புறம்போக்கிலும் தோண்டியதுதான். மாகாளிக் கிழங்கு இப்படித் தோண்டியே அருகிவிட்டது. நன்னாரியை வீட்டில் வளர்ப்பது கடினமன்று. தோண்டும்போது தண்டோடு சேர்ந்த வேரின் மேற்பகுதியை ஒரு சாண் விட்டு மூடிவிட்டால் மழைக்குத் துளிர்க்கும். என் வீட்டு மாடியில் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டியில் வைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் ஓரமாகக் கிளறிப் பார்த்தேன். வேர் இன்னும் விளக்குத்திரி பருமன்தான் இருந்தது, ஆனால் விரலில் ஒட்டிய மண் மாலைவரை மணத்தது.

நன்றி. வணக்கம்.