ஓவியத்துக்குள் ஒளிந்துகொண்ட பாடகன்

வணக்கம் நேயர்களே. கோடுகளால் வரையப்பட்ட ஒரு இசைக்குழுவைப் பற்றி வானொலியில் பேச வந்திருக்கிறேன். படத்தை உங்களுக்குக் காட்ட வழியில்லை. அதனால் பாதகமில்லை. பாடுகிறவர் ஒருவர், வாயசைக்கிறவர் வேறொருவர் என்பது பின்னணிப் பாட்டுக் கேட்டு வளர்ந்த நமக்குப் பழகிய சங்கதிதானே.

குழுவின் பெயர் கொரில்லாஸ். அவர்களுடைய முதல் ஆல்பம் 2001 மார்ச்சில் பிரிட்டனில் வெளிவந்தது. குழுவின் பெயரே ஆல்பத்துக்கும் பெயர். இதைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் டேமன் ஆல்பர்ன், தொண்ணூறுகளில் பிரிட்டனைக் கலக்கிய பிளர் என்ற ராக் குழுவின் பாடகர். இன்னொருவர் ஜேமி ஹியூலெட், 'டேங்க் கேர்ல்' என்ற காமிக்ஸை வரைந்தவர். இருவரும் லண்டனில் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். 1998 வாக்கில் எம்டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதில் வருகிறவர்கள் எல்லாருமே கார்ட்டூன் போலத்தான் இருக்கிறார்கள், நாமே நிஜமான கார்ட்டூன் குழு ஒன்றை உருவாக்கினால் என்ன என்று தோன்றியிருக்கிறது.

இந்த யோசனை புதிதல்ல. 1969-லேயே ஆர்ச்சீஸ் என்ற கார்ட்டூன் குழுவின் பாட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடத்துக்குப் போயிருக்கிறது. ஆனால் அது குழந்தைகள் நிகழ்ச்சியின் பக்கத்திலேயே வளர்ந்த செடி. ஹியூலெட் வரைந்த நால்வரைக் குழந்தைகளிடம் தைரியமாகக் காட்ட முடியாது. நீல முடியும் முன்பல் ஓட்டையும் கொண்ட பாடகன் டூ-டி. பேஸ் கிட்டார் வாசிக்கும் மர்டாக், பார்த்தாலே வீட்டைப் பூட்டிக்கொள்ளத் தோன்றும் ஆள். டிரம்ஸுக்கு அமெரிக்காக்காரன் ரஸ்ஸல், மலை மாதிரி உடம்பு. கிட்டாருக்கு நூடுல் என்ற ஜப்பானியச் சிறுமி, ஒரு மரப்பெட்டியில் பார்சலாக வந்து இறங்கியவள் என்று கதை.

சரி, இந்தக் கதையெல்லாம் எதற்கு? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஆல்பர்ன் சொந்த முகத்தோடு ராப் பக்கம் போயிருந்தால் சிரித்திருப்பார்கள். அவருடைய முகத்தில் பிரிட்டிஷ் ராக் என்று முத்திரையே குத்தியிருந்தது. டூ-டிக்கு அப்படி எந்த முத்திரையும் கிடையாது, அவன் எதை வேண்டுமானாலும் பாடலாம்.

பாடவும் செய்தான். இந்த ஆல்பத்தில் ஹிப் ஹாப் இருக்கிறது, ஜமைக்காவின் எதிரொலி நிறைந்த டப் இசை இருக்கிறது, இரண்டு நிமிடம்கூட ஓடாத ஒரு பங்க் பாட்டு இருக்கிறது. இரண்டாவது பாட்டில் கிட்டார் ஐந்து ஐந்து எண்ணிக்கையாகப் போகும், நம் தாளக் கணக்கில் கண்டம். தயாரிப்பில் முக்கியமான கை ஹிப் ஹாப் உலகத்து டான் தி ஆட்டோமேட்டருடையது. நூடுலுக்குக் குரல் கொடுத்தவர் ஜப்பானியப் பாடகி மிஹோ ஹடோரி. அப்புறம், பன்னிரண்டாவது பாட்டுக்கு வந்தால் திடீரென்று ஒரு கிழவர் ஸ்பானிய மொழியில் உருகுகிறார். அவர் கியூபாவின் இப்ராஹிம் ஃபெரர், அப்போது எழுபதைத் தாண்டிய வயது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஹவானாவில் செருப்புக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தவரைத்தான் கியூபாவின் பழைய கலைஞர்களைச் சேர்த்த புவேனா விஸ்தா சோஷியல் கிளப் என்ற இசைப்பதிவுக்காகத் தேடிப் பிடித்தார்கள். அவரைக் கார்ட்டூன் குழுவோடு பாடவைத்ததை விளையாட்டு என்று நினைத்துத்தான் முதலில் கேட்டேன். அவர் வாய் திறந்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

எல்லாப் பாட்டும் தேறும் என்று சொல்ல மாட்டேன். பின்பாதியில் இரண்டு மூன்று, பரணில் கிடந்த துண்டு டேப்பை அப்படியே ஒட்டியது போல இருக்கும். நான் தாண்டித்தான் போவேன்.

ஆனால் ஐந்தாவது பாட்டைத் தாண்ட முடியாது. அதன் பெயர் 'கிளின்ட் ஈஸ்ட்வுட்'. டூ-டியின் சோம்பலான குரல் பல்லவியை இழுத்துப் பாடுகிறது. சட்டென்று கலிஃபோர்னியாக்காரரான டெல் தி ஃபங்கி ஹோமோசேப்பியன் ராப்போடு உள்ளே நுழைகிறார். இரண்டு குரலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதை எப்படிச் சேர்த்தார்கள் தெரியுமா? ரஸ்ஸலின் நண்பர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனார்கள், அவர்களுடைய ஆவி அவனுக்குள் புகுந்துகொண்டது என்று கதை கட்டினார்கள். வீடியோவில் ராப் தொடங்கும்போது ரஸ்ஸலின் தலையிலிருந்து நீல நிறத்தில் ஒரு பேய் கிளம்பி வந்து பாடும். ஒரு இசையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை டிரம்ஸ்காரனுக்குப் பேய் பிடித்ததாக மாற்றிவிட்டார்கள். இசைக் கலப்பு என்று எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். தையல் போட்ட இடத்தையே கதாபாத்திரமாக்கியது இவர்கள்தான் என்பேன்.

இந்தப் பாட்டு பிரிட்டனில் நான்காம் இடம்வரை போனது, ஆல்பம் மூன்றாம் இடத்துக்கு. உலகம் முழுக்க எழுபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்த ஆண்டு, பிரிட்டனில் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி பரிசுக்கான பட்டியலில் சேர்த்தார்கள். எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று குழு சொல்லிவிட்டது. வரைந்த பொம்மைக்குக்கூட இவ்வளவு வீம்பு!

மேடைக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். 2001 மார்ச் 22 அன்று லண்டனில் ஸ்கேலா என்ற அரங்கில் முதல் கச்சேரி. பெரிய திரையைக் கட்டி, வாசிக்கிறவர்கள் எல்லாரும் அதன் பின்னால் நின்றார்கள். திரையில் ஹியூலெட்டின் ஓவியங்கள் ஓட, ஆட்களின் நிழல் மட்டும் தெரிந்தது. நம்முடைய தோல்பாவைக் கூத்துதான், மின்சாரத்தில். தன் முகத்தைக் காட்டியே பேர் வாங்கியவர் ஒரு கச்சேரி முழுக்க நிழலாக நிற்கச் சம்மதித்ததை நினைத்துப் பாருங்கள். அந்த ஏற்பாடு அதிக காலம் நீடிக்கவில்லை. 2010-ல் சுற்றுப்பயணம் போனபோது எல்லாரும் திரைக்கு முன்னால் வந்து நின்றார்கள். எனக்கென்னவோ அந்த நிழல்தான் பிடித்திருந்தது.

இப்போது 'கிளின்ட் ஈஸ்ட்வுட்' ஒலிக்கப் போகிறது. அதற்கு முன் ஒரு ரகசியம், 2023-ல் ஒரு பேட்டியில் ஆல்பர்னே போட்டு உடைத்தது. ஆம்னிகார்ட் என்று ஒரு ஜப்பானிய மின்னணு வாத்தியம், மடியில் வைத்து வாசிக்கிற பெட்டி. வாத்தியம் தெரியாதவர்களும் பொத்தானை அழுத்திச் சுருதிகளை எழுப்பலாம். அதிலேயே சில தாளங்களைப் பதிந்து வைத்திருப்பார்கள். பேட்டியில் ஆல்பர்ன் அதை எடுத்து 'ராக் ஒன்று' என்ற தாளத்தை ஓடவிட்டார். எதிரே இருந்தவர் அசந்துபோனார். பாட்டின் தாளம் அப்படியே, அச்சு அசலாக, கம்பெனி போட்டுக்கொடுத்தது. டிரம்ஸ் ரஸ்ஸல் என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த ரஸ்ஸல் இந்தப் பெட்டிதான்.

முதல் சில நொடிகளைக் கவனித்துக் கேளுங்கள். வணக்கம்.