கருத்து செல்லுபடியாகும் இடம்

பெரியோர்களே, தாய்மார்களே,

தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ விலை எப்படி ஏறுகிறது? நாளை முகூர்த்தம், நாலு வண்டி கேரளத்துக்குப் போகும் என்று வியாபாரிகள் நினைத்தால் போதும், விலை ஏறிவிடும். அங்கே நினைப்புதான் விலை. ஆனால் தராசு யார் நினைப்பையும் கேட்காது. பொழுது சாய்ந்தால் மொட்டு விரிவதை எந்தத் தீர்மானமும் தள்ளிவைக்காது. மனிதர் செய்வதைக் கருத்து மாற்றும். பூவும் கடலும் செய்வதை மாற்றாது.

கருத்தின் வலிமையை நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தது போராடிய மக்கள் கருத்தின் அழுத்தத்தால்தான். அதே போராட்டம் கேட்ட, இன்று கேரளத்தில் இருக்கும் தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை என்பதும் வரலாறு.

சரி, அளவு சம்பந்தப்பட்ட கேள்விக்குக் கூட்டத்தின் கருத்து உதவுமா? உதவும், கேட்கிற விதத்தில் கேட்டால். 1906இல் இங்கிலாந்தின் பிளிமத் கண்காட்சியில் ஒரு காளையை வெட்டிச் சுத்தம் செய்தால் எடை என்ன வரும் என்று சீட்டில் எழுதச் சொன்னார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற அறிவியலாளர் 787 சீட்டுகளை ஆராய்ந்தார். நடுவில் வந்த மதிப்பு 1207 பவுண்டு. அவர் குறித்த உண்மை எடை 1198. ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதியதால் கூடச் சொன்னவர் பிழையும் குறைத்துச் சொன்னவர் பிழையும் அடிபட்டுப் போயின.

நம் ஊர்க் குளத்தில் எத்தனை லோடு வண்டல் என்று கேட்பதானால் இப்படிச் செய்யுங்கள். பேச்சுக்கு முன்பே ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுங்கள். பெயர் வேண்டாம், எண் மட்டும். ஏறுவரிசையில் அடுக்கி, 41 சீட்டு இருந்தால் 21ஆவதை எடுங்கள். சராசரி பார்க்காதீர்கள், விளையாட்டாக ஒருவர் பத்தாயிரம் என்று எழுதினால் சராசரி எங்கோ ஓடிவிடும், நடுச்சீட்டு அசையாது.

இதை வாய்விட்டுக் கேட்டால் கெடும். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் நடத்திய சோதனையில், கண்ணெதிரே இருந்த கோட்டின் நீளத்தைக்கூட, மற்றவர்கள் ஒரே குரலில் தப்பாகச் சொன்னபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பதில் அந்தத் தப்பையே பின்பற்றியது. சரியாகச் சொல்ல ஒரே ஒரு துணை கிடைத்ததும் அது வெகுவாகக் குறைந்தது. ஊர்த்தலைவர் முதலில் வாய் திறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு வருவது கருத்தல்ல, தலையாட்டல்.

சீட்டு முறைக்கும் எல்லை உண்டு. எல்லாரும் கரையில் நின்றே பார்த்திருந்தால் எல்லாருக்கும் ஒரே பிழை; 41 பேர் இருந்தாலும் 400 பேர் இருந்தாலும் அது அடிபடாது. குளத்துக்குள் பத்து இடத்தில் கம்பு ஊன்றி வண்டலின் ஆழம் அளந்து, சராசரி ஆழத்தைப் பரப்பால் பெருக்கி, ஒரு லோடு கொள்ளும் அளவால் வகுங்கள். அளக்க முடிந்ததை அளந்துவிட்டு, எந்த மடைப்பக்கம் முதலில் வெட்டுவது, மண் யாருக்கு என்பதைக் கூட்டத்துக்கு விடுங்கள்.

கள்ளக்கடல், அதாவது சொல்லாமல் கரையேறும் பேரலை பற்றிய எச்சரிக்கையும் இந்த வகைதான். அந்த அலை தெற்கே வெகுதூரத்தில் பிறந்து வருகிறது. நம் கரையில் காற்று இருக்காது, வானம் தெளிந்திருக்கும். அதனால் “ஒண்ணும் வராது” என்று நூறு பேர் சொல்வதும் ஒருவர் சொல்வதும் ஒன்றே, பார்த்த வானம் ஒன்றுதானே. அலை வருமா என்று கை தூக்கச் சொல்லாதீர்கள். வள்ளங்களை எதுவரை ஏற்றி வைப்பது, யார் வீட்டு முதியவர்களை யார் கூட்டிப்போவது என்று கேளுங்கள். கூட்டம் தீர்மானிக்க வேண்டியது அதைத்தான்.