ஓர் ஆசிரியரை மட்டும் நம்பி நிற்கும் அலகுகள்

நேயர்களுக்கு அன்பான வணக்கம். மலையகத்துப் பாடசாலைகளில் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கெனத் தனி வகுப்பாக இயங்கும் விசேட கல்வி அலகுகளில் பணியாற்றுவோரின் எண்ணிக்கையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். விசேட தேவையுடைய பிள்ளைகளின் கல்வி என்றதும் மேடைகளில் அன்பு, பொறுமை, அர்ப்பணிப்பு என்று நிறையப் பேசுகிறோம். ஓர் அலகில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் ஒருவர் வராத நாளில் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பதை மட்டும் அரிதாகவே கேட்கிறோம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதி வழங்கும்போது இயலாமையைக் காரணம் காட்டிப் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. கட்டாயக் கல்விக்குரிய வயது 16 வரை உயர்த்தப்பட்டதும் அதே ஆண்டில்தான். பாடசாலையின் வாசலைத் திறந்துவைக்க இவை போதும். உள்ளே வந்த பிள்ளையின் அருகில் யார் இருப்பது என்பதைத் தீர்மானிப்பது ஆளணி, அதாவது அங்கே ஒதுக்கப்படும் பணியாளர் எண்ணிக்கைதான்.

ஒரு சாதாரண அலகை எண்ணிப் பாருங்கள். பேச்சு வராத பிள்ளை, நடக்கச் சிரமப்படும் பிள்ளை, எந்த நேரமும் வலிப்பு வரக்கூடிய பிள்ளை, சத்தம் கேட்டால் வெளியே ஓடிவிடும் ஓட்டிசம் உடைய பிள்ளை எனப் பல வயதினர் ஒரே அறையில் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரே ஓர் ஆசிரியை. ஒரு பிள்ளையை அவர் மலசலகூடத்துக்கு அழைத்துச் சென்றால் மற்றவர்கள் தனித்துவிடுகிறார்கள். செல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அவமானப்படுகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கற்பித்தல் திட்டம் தயாரிக்க வேண்டும் என்பது சரியான எதிர்பார்ப்பு. ஆனால் அந்தத் திட்டத்தின்படி ஒரு பிள்ளையோடு பத்து நிமிடம் தொடர்ந்து அமர்வதற்கே அவருக்கு வழியில்லை. போதாக்குறைக்கு, மற்றொரு வகுப்பின் ஆசிரியர் விடுமுறையில் நின்றால், அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ளுமாறு முதலில் அழைக்கப்படுபவரும் பல இடங்களில் இவரே. அலகிலுள்ள பிள்ளைகளுக்குப் பரீட்சை இல்லை, ஆகவே அங்கே இழப்பும் இல்லை என்ற நினைப்பு அதன் பின்னால் இருக்கிறது. அது மிகவும் தவறான நினைப்பு என்று அழுத்தமாகச் சொல்வேன்.

ஆசிரியை சுகவீனமாகவோ பயிற்சிக்காகவோ வராத நாளில் அலகு மூடப்படுகிறது. அதன் சுமை தோட்டத்து லயன் அறைக்குப் போய்ச் சேர்கிறது. காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, சென்று மலையேற வேண்டிய தாய், பிள்ளையோடு வீட்டில் நின்றுவிடுகிறார். நாளாந்த அடிப்படைச் சம்பளம் அன்று அவருக்கு இல்லை. இப்படிச் சில முறை நடந்த பின், அந்தத் தாய் பிள்ளையை அனுப்புவதையே நிறுத்திவிட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வரவு குறைந்ததும் இடாப்பு மெலிகிறது. மெலிந்த இடாப்பைப் பார்க்கும் அலுவலகமோ, இத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் தாராளம் என்று முடிவு செய்கிறது. ஆள் இல்லாததால் பிள்ளை வருவதில்லை. பிள்ளை வராததால் ஆள் தரப்படுவதில்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: பிள்ளைகளின் தொகை எவ்வளவாக இருந்தாலும், எந்த அலகிலும் வளர்ந்தவர் இருவருக்குக் குறைவாக இருக்கக்கூடாது. இரண்டாமவர் பட்டதாரியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அதே தோட்டத்தில் உயர்தரம் வரை படித்த ஒருவருக்கு, வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதையும், பிள்ளையைத் தூக்கி அமர்த்தும் முறையையும், சைகையாலும் படங்களாலும் பேசும் வழிகளையும் முறையாகப் பயிற்றலாம். பிள்ளையின் வீட்டுப் பேச்சு அவருக்குப் பழக்கமானது என்பது பெரிய பலம். ஆனால் அது நிரந்தரச் சம்பளமுள்ள பதவியாக இருக்க வேண்டும். பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களாக நியமிக்கப்பட்ட நம் இளைஞர்கள், தொடக்கத்தில் மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவோடு முழு ஆசிரியரின் வேலையைச் சுமந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அந்த அநீதியை இந்தப் பிள்ளைகளின் பெயரால் மீண்டும் செய்யக்கூடாது.

பேச்சுச் சிகிச்சையும் இயன்மருத்துவமும் பெரும்பாலும் வைத்தியசாலைகளில்தான் கிடைக்கின்றன. பஸ் ஏறி நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போய்வர ஒரு நாள் முழுதும் செலவாகிறது; தமிழில் பிள்ளையோடு பழகக்கூடிய சிகிச்சையாளரும் எளிதில் அமைவதில்லை. சிகிச்சையாளர் காட்டிக்கொடுக்கும் பயிற்சி தினமும் செய்யப்பட்டால்தான் பயன் தரும். அதை அலகில் செய்யவைப்பதற்கும் அந்த இரண்டாமவரே தேவைப்படுகிறார்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அலகு மூடப்பட்ட நாட்களையும், ஆசிரியை வேறு வகுப்புக்கு அனுப்பப்பட்ட நாட்களையும் ஒரு கொப்பியில் திகதியோடு குறித்து வாருங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதை வாசித்து, கூட்டக் குறிப்பில் பதியுமாறு கேளுங்கள். அதிபரின் கடிதத்தோடு அந்தக் குறிப்பின் பிரதி வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளருக்குப் போகட்டும். இடாப்பில் தெரியாத பற்றாக்குறை அந்தத் திகதிகளில் தெரியும். அடுத்த ஆண்டுக்கான ஆளணித் தேவை கணக்கிடப்படும் முன்பே அது அவருடைய மேசைக்குச் சென்றுவிட வேண்டும். நன்றி, வணக்கம்.