கல்லாவுக்கு அந்தப் பக்கம்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கோயில் மண்டபமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே!

விருந்தோம்பலில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறோம். வீட்டுக்குள் அது உண்மைதான். வாசலைத் தாண்டிக் கடைக்குள் நுழைந்ததும் அந்தக் குணம் எங்கே ஓடி ஒளிந்துகொள்கிறது?

சூப்பர் மார்க்கெட் கல்லாவில் இருக்கும், இந்த மண்ணின் சூலு இனப் பெண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? மீதிச் சில்லறையை வலக்கையால் நீட்டுவார். இடக்கை வலது முழங்கையைத் தாங்கியிருக்கும். வீட்டில் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த மரியாதை அது. நாமோ கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, முகத்தைக்கூடப் பாராமல் சில்லறையை வாரிக்கொள்கிறோம். வங்கி அட்டையைக் கையில் தராமல் விட்டெறிகிறவர்களும் நம்மில் உண்டு. இதே நாம்தான் திருநீறு வாங்கும்போது இடக்கைமேல் வலக்கை வைத்துக் குனிகிறோம். நமக்குப் பணிவு தெரியாமல் இல்லை, ஆள் பார்த்துக் காட்டுகிறோம்!

1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். காய்கறிக் கூடை சுமந்து வீடு வீடாகப் போன நம் பாட்டன்மாருக்கெல்லாம் வெள்ளைக்காரர் வைத்த பெயர் 'சாம்மி'. பாட்டிமார் அத்தனை பேரும் 'மேரி'. பிறகு 1953இல் வந்த சட்டம் பொது இடங்களை நிறவாரியாகப் பிரித்து வைத்தது; 1990இல்தான் அது ஒழிந்தது. அந்த அவமானத்தை இன்றும் கதை கதையாகச் சொல்கிற நம்மில் சிலர், பெட்ரோல் நிலையத்தில் தலை நரைத்த மனிதரை 'ஏய் பையா' என்கிற தோரணையில் அழைக்கிறார்கள். கேட்கவே கூசுகிறது.

இந்த நாட்டில் நாமே இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொள்ள முடியாது. ஊழியர்தான் போடுவார், முன்கண்ணாடி துடைப்பார், எண்ணெய் பார்க்கட்டுமா என்றும் கேட்பார். சூலு மக்களிடம் முதலில் வணக்கம், அடுத்து நலம் விசாரிப்பு, அதன் பிறகுதான் காரியம். எடுத்த எடுப்பில் "இருநூறு ராண்டுக்குப் போடு" என்றால் அது அதட்டலாகத்தான் விழும். "சாவுபோனா, பாபா" (வணக்கம், ஐயா) என்று அவர்கள் மொழியில் தொடங்கினால் என்ன குறைந்துவிடும்? "அதுதான் இனாம் கொடுக்கிறேனே" என்கிறார் நண்பர் ஒருவர். தாராளமாகக் கொடுங்கள், அவர்களுக்கு அது உதவும். ஆனால் கார்க் கண்ணாடி இடுக்கு வழியாக நாணயத்தைப் போட்டுவிட்டுப் பறப்பதற்கு நம் வழக்கில் வேறு பெயர் உண்டு.

கடைக்காரர்களில் சிடுமூஞ்சிகள் இல்லையா என்பீர்கள். ஏன் இல்லை? நம்மவர் மசாலாக் கடைகளிலேயே இருக்கிறார்கள். காலை முதல் மிளகாய்ப்பொடி நெடியில் நின்று பாருங்கள், உங்கள் முகமும் அப்படித்தான் ஆகும்.

இன்னும் ஒன்று. வெளியே நம் கார்களுக்கு ஒருவர் காவல் நிற்கிறார். மாலையிலிருந்து நிற்கிறார். பந்தியில் சோறும் சாம்பாரும் மிச்சமிருக்கும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு அல்ல, இப்போதே இளைஞர் யாராவது ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்து, அவர் பெயரையும் கேட்டு வாருங்கள். அதுவரை நன்றியுரையைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்.